துணித்திரையில் விழுந்த வெளிச்சம்



உங்கள் பிள்ளை ஒருநாள் உங்கள் முன் நின்று, "நான் சினிமாத் தொழிலுக்குப் போகிறேன்" என்றால் என்ன பதில் சொல்வீர்கள்? இங்கே அடி அண்ணாமலையில் ஒரு தகப்பனார் இந்தப் பாரத்தோடு என்னிடம் வந்தார். மகனுக்குப் படத்தொகுப்புக் கற்க ஆசை. தகப்பனாருக்கு அவன் அரசுத் தேர்வு எழுதவேண்டும் என்று விருப்பம். "விசுவாசிக்கு இது ஏற்றதா, ஐயா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். 1905-இல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் அங்கே படம் காட்ட வந்து, நோயுற்றுத் தாயகம் திரும்ப முடிவுசெய்தார். அவருடைய படக்கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். மாதச் சம்பளத்தை விட்டு, ஊர் ஊராய்க் கூடாரமடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். அந்தச் சுருள்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை! 1914-இல் கோயம்புத்தூரில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் திரையரங்கின் பெயரை அங்குள்ள சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். ஆலய வாசலை மிதித்திராதவர்களும் அந்தக் கூடாரத்தில் அமர்ந்து, பேசாத படத்தில் சிலுவையைக் கண்டிருப்பார்கள். கதைக்காக இரவெல்லாம் விழித்திருப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. நம் மாவட்டத்துப் புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்பெற்ற ஊர். பாரதக் கூத்தை விடியும்வரை பார்த்துப் பழகிய மண் இது. நம் ஆண்டவரும் உவமைகளையே சொன்னார்; ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து அவரைக் கேட்டார்கள்.

ஆயினும் வின்சென்டை மிஷனெரியாக்கிவிட வேண்டாம். படம் காட்டுவது அவருக்குப் பிழைப்பு. வேறு படங்களையும் காட்டினார். பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவரே. கூடாரத் துணியில் பரிசுத்தமும் இல்லை, பாவமும் இல்லை. அதைத் தைத்த கைகளின் உண்மையே முக்கியம். வெள்ளைத் திரையும் அப்படித்தான். அதன்மேல் எதை விழச்செய்கிறோம் என்பதற்கே கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஆகவே அந்தத் தகப்பனாரிடம், "தொழில் சுத்தமா என்று கேளாதிருங்கள், மகனைக் கேளுங்கள். நீ தொகுத்த படத்தை உன் தாயோடு அமர்ந்து பார்ப்பாயா? உன்கீழ் வேலை செய்பவனுக்குக் கூலியைத் தாமதியாமல் கொடுப்பாயா? வேலை கிடைக்காத மாதங்களில் பொறுமையாயிருப்பாயா?" என்றேன். மகனிடமோ, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்ற உவமையை நினைவூட்டினேன். தகப்பனின் அச்சமும் அன்பினால் வந்ததே.

அந்த வீட்டில் இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்த வாரம் அவ்விருவரையும் உங்கள் ஜெபத்தில் நினையுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், மறுப்புச் சொல்லும் முன்னே, ஒரு மாலைப்பொழுது அவன் அருகில் அமர்ந்து அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.