காம்பே வால்

ஹாலோவீனுக்குப் பேயும் மண்டையோடும் இங்கே கனடாவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாக்லேட்டில் செய்ய எனக்குப் பிடித்தவை எலி, ஆந்தை, சிலந்தி.

எலிதான் அழகு. காம்போடு இருக்கும் செர்ரியை உருகிய சாக்லேட்டில் முக்கியெடுத்தால் காம்பே வால். முன்னால் ஒரு ஹெர்ஷீஸ் கிஸ் சாக்லேட் ஒட்டினால் கூர்மூக்கு முகம். நடுவே இரண்டு பாதாம் சீவல், காது தயார். செர்ரியை மட்டும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

ஆந்தைக்கு ஓரியோ பிஸ்கட்டைத் திருகிப் பிரித்து, கிரீம் ஒட்டிய பக்கம் கண். கிரீம் இல்லாத பாதிகள் எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம்!

சிலந்திக்கு பிரெட்ஸல் குச்சியில் எட்டுக் கால் இருந்தே ஆகவேண்டும் என்பதில் மகள் கறார். மகனுக்கு ஐந்தே போதும், மீதி வாய்க்கு.

பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதானால் பாதாம் வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் நாய்க்கு விஷம்.