இரவுக் காவல்

தென்னாப்பிரிக்காவின் உம்ஃபோலோசி காட்டுக்குள் மாணவர்களைக் கால்நடையாகவே கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிறார்கள். வனக்காவலர் இயன் பிளேயர் 1957இல் தொடங்கிய பள்ளி அது. அவருக்கே காட்டைக் கற்பித்தவர் மக்குபு என்தோம்பேலா என்ற ஜூலு இனப் பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பயிற்சிச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய சங்கதிதான்!

இரவில் மற்றவர்கள் உறங்க, ஒவ்வொரு மாணவரும் முறைவைத்து நெருப்பருகே தனியாக விழித்திருக்க வேண்டும். சிங்கமும் காண்டாமிருகமும் உலவும் காடு.

வகுப்பில் இதைச் சொன்னபோது, "பயமா இருக்காதா சார்?" என்றான் ஒருவன்.

"எங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே தனியா பால்மரம் வெட்டப் போறாங்களே, சார்" என்றாள் பின்வரிசைச் சிறுமி.

அன்றைய வீட்டுப்பாடத்தை மாற்றிவிட்டேன். அந்த இருட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று வீட்டில் விசாரித்து எழுதிவரச் சொன்னேன்.