ஹாரி பாட்டர் கோட்டையின் பெயர்க் கதை: அப்பா சூடிய 'பெர்சி'... மகனுக்குக் கிடைக்காத 'பெர்சி'!

முதல் ஹாரி பாட்டர் படத்தில், ஹாரி துடைப்பத்தில் ஏறிப் பறக்கப் பழகும் புல்வெளி ஞாபகம் இருக்கிறதா? அது செட் அல்ல. இங்கிலாந்தின் வடக்கு எல்லை மாவட்டமான நார்தம்பர்லாண்டில் உள்ள ஆனிக் கோட்டையின் வெளிமுற்றம் அது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'எல்', 'டபிள்யூ' எல்லாம் வரும். சொல்லும்போது இரண்டுமே காணாமல் போய்விடும்!

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் (அதேதான், ஹாரியின் ஸ்டேஷன்!) நாலு மணி நேரத்துக்குள் ஆல்ன்மவுத். அங்கிருந்து கொஞ்ச தூரம் பஸ். கோட்டையை நெருங்கியதும் முதலில் கண்ணில் படுவது மதில்மேல் நிற்கும் கல் வீரர்கள்தான். எதிரி வந்தால் இப்போதே பாய்வார்கள் போலிருக்கும். ஆனால், இவர்களில் பலர் எந்தப் போரையும் பார்த்ததில்லை. 18-ம் நூற்றாண்டில் அழகுக்காகச் செதுக்கி நிறுத்தப்பட்டவர்கள். நிறுத்தச் சொன்னவரும் பிறக்கும்போது இந்தக் குடும்பத்துக்காரர் அல்ல.

குடும்பத்தின் பெயர் பெர்சி. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் அந்தப் பெயரில் ஊர் உண்டு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும், அடுத்தடுத்து வந்திறங்கிய பிரபுக்களில் ஒருவர் வில்லியம் டி பெர்சி. 'டி' என்றால் 'அந்த ஊர்க்காரர்' என்று அர்த்தம். 1086-ல் எடுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக் கணக்கில், யார்க்‌ஷயரிலும் லிங்கன்‌ஷயரிலும் அவருக்கு ஏராளமான நிலம். நார்மன்கள் பொதுவாக மழமழவென்று ஷேவ் செய்துகொள்பவர்கள். இவர் மட்டும் மீசை வைத்திருந்தார். அதனால் பழைய பிரெஞ்சில் 'மீசைக்காரர்' என்ற பட்டப்பெயர். 'அல்ஜெர்னன்' என்ற ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

நூறு வருடத்துக்குள் ஆண் வாரிசு இல்லாமல் போனது. மகள் ஆக்னஸ், முதலாம் ஹென்றி மன்னருக்கு மைத்துனர் முறையான ஜோசலினைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் அப்பா வழிப் பெயரை விட்டுவிட்டு, அம்மாவின் 'பெர்சி'யைப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் யோசிக்க வைக்கிற முடிவு!

அந்த வம்சத்தில் வந்த ஹென்றி டி பெர்சி, 1309-ல் டர்ஹம் பிஷப்பிடமிருந்து ஆனிக் கோட்டையை விலைக்கு வாங்கினார். பிறகு எல்லைச் சண்டைகள், ராஜாவுக்கு எதிரான கலகங்கள். 1403-ல் ஷ்ரூஸ்பரி போரில் இறந்த ஹாரி ஹாட்ஸ்பர் இந்த வீட்டுப் பிள்ளை. 'டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர்' கால்பந்து க்ளப்பின் பெயரில் இருப்பவர் அவர்தான்.

1670-ல் மறுபடி அதே சிக்கல். 11-வது ஏர்ல் இறந்தபோது மிஞ்சியது 3 வயது மகள் எலிசபெத். 12 வயதில் அவருக்கு முதல் கல்யாணம். மாப்பிள்ளை 'பெர்சி' ஆனார், சீக்கிரமே இறந்தும்போனார். இரண்டாவது கணவர் 1682-ல் லண்டன் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம், 15 வயதில், சாமர்செட் டியூக்குடன் மூன்றாவது கல்யாணம். அவரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. எலிசபெத்தே பின்னாளில் அதை விட்டுக்கொடுத்தார். மகனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அல்ஜெர்னன்!

அந்த அல்ஜெர்னனின் மகளை 1740-ல் மணந்தவர் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஹியூ ஸ்மித்சன். மனைவி வழியாகச் சொத்து வந்ததும், 1750-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தன் பெயரைத் துறந்து 'பெர்சி' ஆனார். 1766-ல் நார்தம்பர்லாண்டின் டியூக். பாழடைந்து கிடந்த ஆனிக்கைப் புதுப்பித்து, மதிலில் கல் வீரர்களை ஏற்றியவர் இவர்தான். ஆல்ன் நதிப் பாலத்தில் வாலை விறைப்பாக நீட்டி நிற்கும் பெர்சி சிங்கமும் அவர் காலத்து வேலைதான். புதிதாகப் பெயர் கிடைத்தவருக்கு அதைக் காட்டிக்கொள்ள ஆசை இருக்காதா!

ஆனால், திருமணத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மகன் இருந்தார். சுமார் 1765-ல், பாரிஸில் ரகசியமாகப் பிறந்தவர். அவருக்கு 'பெர்சி' என்ற பெயர் கிடையாது. அம்மாவின் மறைந்த கணவர் பெயரான 'மேசி'யோடு வளர்ந்து, வேதியியல் அறிஞர் ஆனார். 1800-ல் அம்மா இறந்த பிறகு, அப்பா தூக்கிப்போட்ட பழைய பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்: ஜேம்ஸ் ஸ்மித்சன். 1826-ல் எழுதிய உயிலில், தான் முதல் டியூக்கின் மகன் என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார்.

அந்த உயிலின்படி, உறவுப் பையன் வாரிசின்றி இறந்ததால், சொத்து முழுவதும், அதாவது 5 லட்சம் டாலருக்கு மேல், அவர் கால் வைத்தே இராத அமெரிக்காவுக்குப் போனது. டியூக் பட்டம் பெற்ற அண்ணனோ, 1775-ல் லெக்சிங்டனில் அமெரிக்கர்களோடு சண்டை போட்டவர்! 1846-ல் 'ஸ்மித்சோனியன்' நிறுவனம் பிறந்தது. இன்று உலகின் மிகப் பெரிய அருங்காட்சியகத் தொகுதி அது. 1829-ல் இத்தாலியின் ஜெனோவாவில் இறந்து புதைக்கப்பட்ட ஸ்மித்சனின் எலும்புகளை, 1904-ல் தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் நேரில் போய் வாஷிங்டனுக்கு எடுத்துவந்தார்.

ஆனிக் கோட்டையில் இப்போதும் பெர்சி குடும்பம் வசிக்கிறது. மார்ச் கடைசி வாக்கில் திறந்தால், அக்டோபர் வரை போய்ப் பார்க்கலாம். வெளிமுற்றத்தில் பிள்ளைகளுக்குத் துடைப்பப் பயிற்சி நடக்கும். பெரியவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கி அந்தக் கல் வீரர்களைப் பாருங்கள்.