இரண்டாவது வாசல்

தொழில்நுட்பத்துக்குச் சாதி கிடையாது என்று பேசுகிறவர்களுக்கு ஏம்பலத்துக் கதையைச் சொல்லவேண்டும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்த அறிவு மையங்களைத் திறந்தது. விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள் எல்லாம் தமிழில் கிடைத்தன. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். ஏம்பலத்தில் மையத்துக்கு இடம் கிடைத்தது கோயிலில். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அந்தக் கோயிலுக்கு இரண்டு வாசல் என்று எழுதியது. சாமி இருந்த வாசலில் தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் நுழையக்கூடாது. கம்ப்யூட்டர் இருந்த வாசலில் யாரும் நுழையலாம்.

இரண்டாவது வாசலைத் திறந்தது கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடக்கூடாது. சேரிக்காரர்களும் பெண்களும் வந்துபோகக்கூடிய இடமாக இருந்தால்தான் மையம் என்று நிறுவனம் நிபந்தனை போட்டது. அதனால் திறந்தது.

இப்போது வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு. இதைக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் வேலை இல்லை என்கிறார்கள் முதலாளிகள். வியாபார உத்தி என்று இதற்குப் பெயர்.

பாகூர்ப் பக்கம் எங்கள் காலனியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். டிப்ளமா முடித்து ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதும் தங்கச்சி ஒருத்தி செல்போனைக் காட்டினாள். "மேனேஜருக்கு லெட்டர் எழுதணும்னா முன்ன கை நடுங்கும்ணா. இப்ப இதுகிட்ட தமிழ்ல சொல்றேன், இங்கிலீஷ்ல எழுதித் தருது. ஏன் அப்படி எழுதினன்னு கேட்டாலும் கோச்சிக்காம சொல்லுது." கோபித்துக்கொள்ளாத வாத்தியாரை எங்கள் தெருப் பிள்ளைகள் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? மேல்சாதி வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த விண்ணப்பங்கள்தானே இவ்வளவு காலமும் தகுதி என்று பெயர் வாங்கின?

எனவே இதைத் தொடாதே என்று யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் 2025இல் நடந்ததையும் சேர்த்தே சொல்வேன். தலித் ஆய்வாளர் ஒருவர் பெங்களூரில் ஆய்வுப் பணிக்கான விண்ணப்பத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து இங்கிலீஷைச் சரிசெய்யச் சொன்னார். அது மொழியோடு சேர்த்துப் பெயரையும் திருத்தியது. சிங்கா என்ற பெயர் சர்மா ஆகிவிட்டது. எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதை எழுதியது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியும் அந்தப் பத்திரிகை சோதித்தது. பெரும்பாலான வாக்கியங்களில் அறிவாளி என்றால் பிராமணர், சாக்கடை சுத்தம் செய்கிறவர் என்றால் தலித் என்ற கணக்கில்தான் பதில் வந்தது.

எந்திரம் படித்ததை ஒப்பிக்கிறது. அது படித்தவற்றை எழுதியவர் யார், எழுதவிடாமல் தடுக்கப்பட்டவர் யார் என்று நமக்குத் தெரியும். ஆயிரம் விண்ணப்பங்களை எந்திரத்திடம் கொடுத்துப் பத்துப்பேரைப் பொறுக்கச் சொல்வது கம்பெனிக்கு லாபம். முன்பு இன்டர்வியூவில் 'எந்தத் தெரு?' என்று கேட்ட ஆளின் முகமாவது தெரிந்தது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எந்திரத்தை வேலைவாங்கத் தெரிவது பாதித் திறன்தான். அது எழுதியதை வரிவரியாகப் படித்து, பேர் சரியா, ஊர் சரியா, நாம் சொல்லாததைச் சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பது மீதி. அந்தத் தங்கச்சி இப்போது லெட்டரை வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறாள். "நான் சொன்னது இது இல்லியே" என்று போன வாரம் இரண்டு வரியை அழித்துவிட்டுத் தானே எழுதினாள்.

மற்றது இயக்கங்களின் வேலை. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும் நாம், எந்த எந்திரத்தை வைத்து யாரைத் தள்ளினாய், எதற்காகத் தள்ளினாய் என்று கணக்கும் கேட்கவேண்டும். கம்பெனிக்காரன் தானாகச் சொல்லப்போவதில்லை.