மூன்று சென்ட்

திண்டுக்கல்லை விட்டு எந்த ரோட்டில் வெளியே போனாலும் முதலில் கண்ணில் படுவது கலர் கொடிகள்தான். நத்தம் ரோடு, பழனி ரோடு, கரூர் ரோடு... நேற்று வரை சோளம் விளைந்த காட்டில் இன்று வெள்ளையடித்த கல் நட்டிருக்கும். வாசலில் ஒரு ஆர்ச். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்" என்று பெரிய போர்டு. எதில் போனால் பத்து நிமிடம் என்பது மட்டும் அதில் இருக்காது :-)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலவச வேனில் ஏறி அப்படி ஒரு இடத்தைப் பார்க்கப் போனார்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர் வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர், சம்பளம் 28 ஆயிரம். அவருடைய மனைவி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர், 14 ஆயிரம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறிவிட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பத்து மணிக்கு மேல் கேட் திறக்கக்கூடாது, ஊரிலிருந்து அம்மா வந்து ஒரு வாரம் தங்கினால் "தண்ணி மோட்டார் ரொம்ப நேரம் ஓடுதே" என்று ஜாடை. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. கையில் 8 லட்சம் சேர்ந்தவுடன், இனி சொந்த வீடுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வேனில் போய்ப் பார்த்த மனை விலை மலிவு. "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றார் புரோக்கர். இந்த இரண்டு வார்த்தையை நம்பி ஏமாந்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் தனியாக ஒரு சீல் குத்திக் கொடுத்தால் அது அப்ரூவல் ஆகாது. இருந்தும் பத்திரம் மட்டும் தாராளமாகப் பதிவாகிக்கொண்டே இருந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் விழி பிதுங்கிப் போயின. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அதன் கடைசித் தேதியும் பலமுறை நீண்டது.

ஆகவே மனையைக் காட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது "அப்ரூவல் இருக்கா?" என்பதல்ல. "அப்ரூவல் நம்பர் என்ன? மனை வரைபடத்தின் நகல் எங்கே?" என்று கேட்க வேண்டும். நம்பர் கிடைத்தால் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் சரிபார்த்துவிடலாம். அந்த டீச்சர் நம்பர் கேட்டார். புரோக்கர் "அடுத்த வாரம் தர்றேன்க்கா" என்றார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு இடம் அமைந்தது. ஊரை ஒட்டிய ஒரு ஊராட்சியில் 3 சென்ட், அதாவது சுமார் 1,307 சதுர அடி. சென்ட் 3 லட்சம், மொத்தம் 9 லட்சம். விற்பவர் அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா 1990-களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை வாங்கிப் போட்டிருந்தார். அப்பா 2009-ல் இறந்த பிறகு, 2011-ல் அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ஆளுக்கொரு மனை எடுத்துக்கொண்டார்கள். வரன்முறை ஆணை வாங்கியாகிவிட்டது. பட்டா அவர் பெயரில். முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு கீறல் இல்லை.

டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, உங்ககூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"

"நானும் தம்பியும்தாம்மா."

"பொண்ணுங்க யாரும்..."

"தங்கச்சி ஒண்ணு இருக்கு. அதைத்தான் கட்டிக் கொடுத்தாச்சே."

கட்டிக் கொடுத்தாச்சே! இந்த ஒரு சொல்லால் திண்டுக்கல் கோர்ட்டில் மட்டும் எத்தனை பாக வழக்கு ஓடுகிறதோ. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. இது ஏதோ புதுச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுக்கவும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. இங்கே அந்தத் திருத்தம் வரை போகவே தேவையில்லை.

புரோக்கருக்குக் கோபம். "ஈசி கிளியரா இருக்கு, பட்டா இருக்கு, அப்புறம் என்னக்கா?" என்றார். ஈசி என்கிற வில்லங்கச் சான்று பதிவான விஷயங்களை மட்டும்தான் காட்டும். பதிவாகாத உயில், வாய்ப்பேச்சில் முடிந்த பாகம், கேட்கப்படாத தங்கச்சி... இவையெல்லாம் அதில் வராது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்பதற்கான சான்றுதான், முழு உரிமைப் பத்திரம் அல்ல. ஈசியைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அத்தோடு வேலை முடிந்ததாக நினைப்பதில்தான் ஆபத்து. மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, தாலுகா அலுவலகத்து 'அ' பதிவேடு எல்லாமே பார்க்க வேண்டியவை. அந்த சர்வே நம்பர் குளத்துப் புறம்போக்கா, கோயில் நிலமா என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

அட்வான்ஸ் 50 ஆயிரம் கொடுக்கும்போதே, "வக்கீல் கருத்து சாதகமாக இல்லாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரியை எழுதி வாங்கியிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. பேங்க் வக்கீலும் அதே கேள்வியைத்தான் கேட்டார். வாரிசுச் சான்றில் மூன்று பெயர், பாகப்பிரிவினையில் இரண்டு கையெழுத்து. தங்கச்சி கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் லோன், இல்லாவிட்டால் இல்லை.

தங்கச்சி வாழ்க்கைப்பட்டிருந்தது வத்தலக்குண்டில். விற்பவர் தனியாகப் போகத் தயங்கியதால் இவர்களும் கூடப் போனார்கள். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "பாகம் பிரிச்சது ஊருக்கே தெரியும்மா, எனக்குத்தான் தெரியாது. அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே போட்டிருப்பேன். இப்ப நீ கேட்டதாலதானே எங்கண்ணன் இந்த வாசப்படி ஏறியிருக்கு."

சும்மா போடவில்லை. மூன்றில் ஒரு பங்கு கேட்டார். அண்ணன் முகம் செத்துவிட்டது. ஆறு வாரம் போனிலும் நேரிலுமாக இழுத்து, கடைசியில் 2 லட்சம் அவர் பெயருக்குத் தனிச் செக் என்று முடிந்தது. அந்தத் தொகையும் கிரயப் பத்திரத்தில் ஏறியது. "ஒரு கேள்வி கேட்டு அண்ணன் தங்கச்சியப் பிரிச்சுட்டீங்களே" என்று புரோக்கர் டீச்சரிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிரித்தது அந்தக் கேள்வியா, 2011-ல் எழுதிய பத்திரமா என்பதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இழுபறியாக இருந்த அந்த ஆறு வாரத்தில் அவர் ஒரு உருப்படியான வேலை செய்தார். மனைக்கு இரண்டு பக்கத்து வீடுகளிலும் போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். திண்டுக்கல்லில் இது ரொம்ப முக்கியம். பாறை பூமி, ஒரு வீட்டில் தண்ணீர் வரும், அடுத்த வீட்டில் காற்று வரும். தோல் ஷாப்புகள் நிறைந்த பேகம்பூர், பொன்மாந்துறைப் பக்கமெல்லாம் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைப் பாழாக்கிய கதை ஊரறிந்தது. ஆத்தூர் காமராஜர் அணை தண்ணீரும் காவிரித் தண்ணீரும் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதை மனை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, அந்தத் தெருவில் குடத்தோடு நிற்கிற பெண்களிடம் கேட்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்கே 1,400 வந்தது. குளிக்க, துவைக்க, கட்டட வேலைக்கு ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

இப்போது பணக் கணக்கு. மனை 9 லட்சம். 850 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 என்று கொத்தனார் பேசியது 18 லட்சத்து 70 ஆயிரம். ஆக 27 லட்சத்து 70 ஆயிரம். பேங்க் லோன் 20 லட்சம். மீதி 7 லட்சத்து 70 ஆயிரம், கையில் இருப்பதோ 8 லட்சம், கணக்கு சரியாக இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பத்திரச் செலவை இந்த மாதிரி லோனில் பேங்க் சேர்க்காது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 81 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. டீச்சர் பெயரில் பதிந்ததில் 9 ஆயிரம் மிச்சமாகி 72 ஆயிரம் ஆனது. அதன் மேல் போர், மின் இணைப்பு, வக்கீல், பிளான்... பீரோவில் இருந்த நகைகள் கூட்டுறவு வங்கிக்குப் போயின.

20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 17,995 ரூபாய். முதல் மாதம் அதில் 15,000 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 2,995 மட்டும். பத்து வருடத்தில் 21 லட்சத்து 59 ஆயிரம் கட்டி முடித்தபிறகும் 14 லட்சத்து 20 ஆயிரம் பாக்கி நிற்கும். லோன் கொடுக்கும்போது பேங்கில் இதை யாரும் சொல்வதில்லை, காமர்ஸ் படித்தவர்களும் கேட்பதில்லை! அதே லோனில் மாதம் 2,000 கூடுதலாகக் கட்டினால் பதினைந்தரை வருடத்தில் முடிந்துவிடும், ஆறு லட்சம் மிச்சம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

பிளான் அனுமதி மட்டும் எளிதாக முடிந்தது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம்.

வேலை ஆரம்பித்ததும் வாஸ்துக்காரர் வந்தார். போர் ஈசானி மூலையில், செப்டிக் டேங்க் வாயு மூலையில் என்றார். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் வாஸ்து பார்த்தவர், அவருடைய செப்டிக் டேங்கும் வாயு மூலையில்தான் இருந்தது. அவருடைய வாயு மூலையும் இவர்களுடைய ஈசானி மூலையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்! ஊரெல்லாம் 3 சென்டில் வாஸ்து பார்த்தால் ஒருவரின் கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் கழிவு. மாமியார் எவ்வளவோ சொல்லியும் போரைத் தென்கிழக்கே தள்ளிப் போட்டார்கள். மாமியார் ஒரு மாதம் பேசவில்லை.

கொத்தனாருக்குப் பணம் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தார்கள். கான்கிரீட் போட்ட பின் தினமும் ஷிப்ட் முடிந்து நேராக வந்து அவரே தண்ணீர் தெளித்தார், பத்து நாள். கட்டி முடியும் வரை ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் எடுத்த லோனுக்கு வட்டி. அந்த ஏழு மாதம் வீட்டில் கறி எடுக்கவில்லை, தீபாவளிக்குப் பிள்ளைக்கு மட்டும்தான் துணி.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். வத்தலக்குண்டு அம்மாவுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், வந்தார். அண்ணனும் வந்தார். இரண்டு பேரும் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டார்கள்.