தரையில் அமர்ந்தவர்கள்

அறிவும் ஞானமும் தூய ஆவியாரின் தனித்தனிக் கொடைகள் என்று குருமடத்தில் பயின்றேன். புனித தோமா அக்குவினாஸ் தரும் விளக்கத்தை இன்றும் பிழையின்றி ஒப்புவிப்பேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தோப்பிழந்த ஒருவரின் இல்லம் சென்றேன். வயது அறுபது, இனிக் கன்று நட்டுக் காய் பறிப்பது எப்போது? நானோ யோபுவின் பொறுமையை விளக்கத் தொடங்கினேன்.

"கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க, சாமி" என்றார், எழுத்தறியாத அவருடைய தாயார். மகனருகே தரையில் அமர்ந்தார். நானும் அமர்ந்தேன். நெடுநேரம் கழித்தே மகன் வாய்விட்டு அழுதார்.

யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாது தரையில்தான் அமர்ந்திருந்தனர். இறையியல் பேசத் தொடங்கியது அதன் பிறகே; என்னைப் போல!

இருட்டியதும் அந்த அம்மா எழுந்து கஞ்சி வைக்கப் போனார்.