நகமும் நாக்கும்

சுவிஸ் றெஸ்ரோரண்ட் குசினிகளில் நிற்கும் எங்களுக்குக் கால் காய்வதே இல்லை. காலை பத்து மணிக்கு மாட்டும் பாதுகாப்புச் சப்பாத்தை இரவு பதினொன்றுக்குத்தான் கழற்றுகிறோம். 'சிம்மர்ஸ்ருண்டே' என்று பின்னேரம் விடும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாதவர்கள் அதே சப்பாத்தோடு ஸ்ரேசனில் குந்தியிருக்கிறார்கள். நாலைந்து வருடத்தில் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, சுண்ணாம்புபோல் உதிரத் தொடங்குகிறது.

ஊரில் படித்த விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பங்கசு என்று பெயர். இங்கே டொக்டர் 'பில்ஸ்' என்கிறார். காளானுக்கும் அதே சொல்தான். பகல் முழுக்கக் காளான் வெட்டிவிட்டுப் போகிறவனிடம் உன் காலிலும் காளான் என்றால் சிரிப்புத்தான் வரும். வேலை முடியக் குடிக்கும் ஒரு பியருக்கும் எங்கள் காதில் ஏறக்குறைய அதே ஒலிதான். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் இங்கே எழுதவேண்டியிருக்கிறது.

கால்விரல் இடுக்கில் பூசும் லமிசில் கிறீமை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கலாம். குளிசை அப்படியில்லை. ரேர்பினாபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. கை நகத்துக்கு வழமையாக 6 கிழமை, கால் நகத்துக்கு 12 கிழமை. டொக்டர் எழுதித்தர வேண்டும். பங்கசின் கலமென்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்ரெரோலை ஆக்கவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. ஆனால் குளிசை நேரே நகத்துக்குப் போவதில்லை. ஈரலுக்குள்ளால் போகிறது. பயம் அங்கேதான்.

மிக அரிதாக, முன்பு ஈரல் வருத்தம் இல்லாதவர்களுக்கும் இந்தக் குளிசையால் ஈரல் பழுதாகியிருக்கிறது. ஆகவே தொடங்குமுன் இரத்தம் சோதிக்க வேண்டும். 4 முதல் 6 கிழமைக்குள் திரும்பவும் பார்ப்பது நல்லது. ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கு இது கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டொக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. மருந்து பாலிலும் இறங்கும். இன்னொன்று: தடித்த நகமெல்லாம் பங்கசு அல்ல. சோரியாசிஸாக இருக்கலாம், காலில் விழுந்த சட்டியின் காயமாகவும் இருக்கலாம். நகத்தில் ஒரு துண்டு வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் மூன்று மாதம் ஈரலை வருத்துவதில் அர்த்தமில்லை.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? காப்புறுதிக் கட்டணம் குறைய வேண்டுமென்று 2500 பிராங் பிறான்சீஸ் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தத் தொகை முடியும்வரை இரத்தச் சோதனை எங்கள் பொக்கற்றிலிருந்துதான். அதனால் குசினிக்குள்ளேயே வைத்தியம் நடக்கிறது. "மச்சான், எனக்கு மிச்சம் கிடக்கு, ஒரு மாதம் போடு, சரியாய்ப்போம்." ஊருக்குப் போய்வருகிறவரிடம் குளிசைக்குச் சொல்லிவிடுகிறோம். என்ன குளிசை வருகிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் தாராளமாக எழுதிக்கொடுத்த கீற்றோகொனசோல் குளிசையை, ஈரலுக்குச் செய்யும் கேட்டுக்காக 2013இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம் நிறுத்தச் சொன்னது. இற்றாகொனசோல் என்றால் இருதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. சிம்வஸ்ராற்றின் என்ற கொழுப்புக் குளிசையோடு சேர்ந்தால் தசையைச் சிதைக்கும். எல்லாம் பங்கசுக் குளிசைதான், ஆனால் ஒன்றுக்கு மற்றது மாற்றல்ல.

எங்களில் ஒருவர் சோஸ் போடுகிறவர். குளிசை தொடங்கி ஆறாம் கிழமை அவருடைய சோஸ் உப்புக் கரித்துத் திரும்பி வந்தது. அடுத்த நாளும் வந்தது. கொரோனா என்று நினைத்துச் சோதித்தார், இல்லை. செப் எல்லாருக்கும் முன்னால் கத்தினார். அவர் கரண்டியை எங்களிடம் நீட்டி, "அண்ணை, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டபோதுதான் அவருக்கு ருசியே தெரியவில்லை என்று விளங்கியது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்தோம். யேர்மன், பிரெஞ்சு, இத்தாலி என்று மூன்று மொழி இருந்தது. எங்கள் மொழி இல்லை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தோம். ருசி கெடலாம் அல்லது இல்லாமலே போகலாம் என்று தெளிவாக இருந்தது. டொக்டரிடம் போனார், குளிசை நின்றது. ருசி திரும்ப இரண்டு மாதம் எடுத்தது. பெரும்பாலும் திரும்பும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும், அரிதாகத் திரும்பாமலும் போகும். கந்தோரில் இருக்கிறவருக்கு அது ஒரு தொந்தரவு. சமைக்கிறவருக்கு அது சம்பளம்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று டொக்டர் கேட்டாராம். "காஸ்ரோ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். குடிப்பீர்களா? இல்லை. வேறு குளிசை? இல்லை.

இந்த 'இல்லை' எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அகதி விசாரணையில் ஒரு சொல் கூடினாலும் அடுத்த விசாரணையில் முரண்பாடு என்று பிடிப்பார்கள். அங்கே பழகிய வாய் வெள்ளைக் கோட்டுக்கு முன்னாலும் மூடிக்கொள்கிறது. இரவு பியர் குடிப்பதைச் சொல்வதில்லை. இடுப்பு நோவுக்குத் தினமும் போடும் பனடோலைச் சொல்வதில்லை. இரண்டும் ஈரலுக்குச் சுமை. எல்லாவற்றுக்கும் மேலாக, நித்திரையில்லாமல், பழைய நினைவுகள் விடாமல் போடுகிற மனவருத்தக் குளிசையை மறைக்கிறோம். மொழிபெயர்க்க வந்தவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று பயம். ஆனால் ரேர்பினாபின், அந்தக் குளிசைகள் பலவற்றையும் சில பிரசர்க் குளிசைகளையும் உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. அவை உடலில் அளவுக்கு மிஞ்சித் தேங்கும். கோப்பியின் கபீன் வெளியேறுவதும் மெதுவாகும்.

சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவு டொக்டரையும் அவருக்கு உதவுபவர்களையும் இரகசியம் காக்கக் கட்டுப்படுத்துகிறது. அது விசாரணை அறையல்ல. போடுகிற எல்லாக் குளிசைப் பெட்டிகளையும் ஒரு பையில் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். சமையல் வேலை, ருசி வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். பிள்ளைக்கு முன் நாங்கள் உண்மை சொல்லமாட்டோம்.

குளிசை போடும் நாட்களில் சலம் கறுத்தால், மலம் வெளிறினால், கண் மஞ்சளித்தால், விடாமல் ஓங்காளித்தால், வலது விலாவுக்குக் கீழ் நொந்தால், தோல் கொப்பளித்தால், வாய் புண்ணானால், காய்ச்சலோடு தொண்டை நொந்தால் குளிசையை நிறுத்தி அன்றே டொக்டரிடம் போகவேண்டும். லீவு எடுக்கப் பயந்து ஞாயிறுவரை பொறுக்கவேண்டாம். ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடக்கூடாது. 12 கிழமை முடிந்தும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். கால் நகம் முழுதாக வளர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மருந்து பலிக்கவில்லை என்று இன்னொரு பெட்டியைத் தேடவேண்டாம்.

உங்கள் குசினியில் யேர்மன் வாசிக்கத் தெரியாத ஒருவர் இருப்பார். அவருடைய பெட்டிக்குள் இருக்கும் தாளை அவருக்கு ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்.